எட்டு டி.பி.

ஜனவரி 6, திங்கள்

கம்ப்யூட்டரில் இடம் தீரப்போகிறது, இன்னும் இரண்டு மாதம் தாங்கினால் அதிகம். காலையில் திறந்ததும் சிவப்புக் கோடு காட்டி எச்சரித்தது. உள்ளே இருப்பது ரெண்டு டி.பி. ஹார்ட் டிஸ்க். டி.பி. என்றால் டெராபைட். இந்த அடுக்ககத்தில் என்னைத் தவிர வேறு யாருக்கும் இது புரியாது என்பதால் எழுதி வைக்கிறேன்.

நிரம்பி வருவதற்குக் காரணம் என் கடமை உணர்ச்சி. சங்கச் செயலாளர் என்ற முறையில் கேட்டில் கேமரா வைத்தவன் நான். அதில் பதிவாகும் அத்தனையையும் என் சொந்தக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பவனும் நான். இதுவரை ஒருவரும் நன்றி சொன்னதில்லை. வாசல் செடியில் செம்பருத்தி பறிப்பது யார் என்று ஒருநாள் தெரியத்தான் போகிறது. அன்றைக்கு ஆதாரம் வேண்டாமா? தலைவர் 'பழசை அழிச்சுடுங்க சார்' என்கிறார். பொதுப்பணித்துறையில் உதவி செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவனிடம் வந்து, கோப்பை அழி என்கிறார். நல்ல மனிதர்தான், விவரம் போதாது.

பெரிய டிஸ்க் வாங்குவதென்று முடிவு செய்தேன். முறைப்படி மூன்று கொட்டேஷன், பிறகு ஒப்பீட்டுப் பட்டியல், பிறகு கொள்முதல். மனைவி செண்பகத்திடம் சொன்னேன். 'சரி, என் குப்பையையும் அதுல பத்திரமா வைங்க' என்றாள். கம்ப்யூட்டரில் அவள் 'குப்பை' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறாள். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள், பெயரைச் சரியாகத்தான் வைத்திருக்கிறாள்.

ஜனவரி 11, சனி

தில்லைநகரில் முதல் கடை. 'நாலு டி.பி. போதும் சார், வீட்டுக்குத்தானே' என்றார் கடைக்காரர். அந்த 'வீட்டுக்குத்தானே' எனக்குப் பிடிக்கவில்லை. கேமரா பதிவுக்கென்றே தனி ரகம் உண்டு, இடைவிடாமல் ஓடுவதற்கு ஒரு ரகம் உண்டு, சத்தம் போடாத ரகம் உண்டு, வேகமாகச் சுற்றிச் சூடாகும் ரகமும் உண்டு என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். வேறொருவர் சார்ஜர் கேட்டு வந்ததும் அந்தப் பக்கம் போய்விட்டார். கொட்டேஷனை லெட்டர்பேடில் கேட்டேன். வாட்ஸப்பில் அனுப்புகிறாராம்.

வீட்டுக்கு வந்தபோது மேசையில் காப்பி குடித்த டம்ளர்கள் மூன்று. சனிக்கிழமை காலையில் நான் வெளியே போயிருக்கும் நேரத்தில் யாரோ ஒரு அம்மாவும் மகளும் செண்பகத்தைப் பார்க்க வருகிறார்கள். தையல் விஷயமாக இருக்கும். நான் கேட்டுக்கொண்டதில்லை.

ஜனவரி 17, வெள்ளி

வாங்கியவர்கள் எழுதும் அபிப்பிராயங்களை இணையத்தில் படிக்கிறேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை நான் நம்புவதில்லை. ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களிடம்தான் உண்மை இருக்கும். அப்படிப் படித்ததில் உலகத்தில் வாங்கத் தகுந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றுகூட இல்லை என்று தெரிகிறது. ஆகவே இன்னும் படிக்க வேண்டும்.

பழைய டிஸ்க் இன்று லேசாகக் கரகரத்தது. தூசியாக இருக்கலாம்.

செண்பகம் பின்பக்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வழக்கம்போல் அவள் தங்கை கோமதியோடு பேசிக்கொண்டிருந்தாள். தினமும் இரண்டு மணி நேரம் என்னதான் பேசுவார்களோ. கதவு வழியாகக் காதில் விழுந்தது: யாருக்கோ வாரிசு இல்லையாம், தத்தெடுத்த பிள்ளை செல்லாது என்று சொத்தை எடுத்துக்கொண்டார்களாம், ஜான்சியை விடமாட்டேன் என்று ஒருத்தி சண்டைக்கு நின்றாளாம். கோமதியின் மாமியார் வீட்டில் இப்படியொரு தகராறு இருப்பதே எனக்குத் தெரியாது. பெண்ணின் பெயர் ஜான்சி போலும், அந்தப் பக்கத்து உறவு.

ஜனவரி 24, வெள்ளி

மகன் நந்தன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். இன்று வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை என்பதால் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பேசினேன். கொள்முதல் சம்பந்தப்பட்டது என்பதால் நான் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன்:

'ஆமாண்டா, டி.பி.தான். ரெண்டும் நிறைஞ்சுபோச்சு. உள்ளே கரகரன்னு சத்தம் வருது. எப்ப வேணா போயிடலாம்னு சொல்றாங்க. அம்மாகிட்ட இன்னும் சொல்லல, சொன்னா பயந்துடுவா. ரொம்ப நாளா இருக்கிறதுதானே, இவ்வளவு நாள் தாங்கினதே பெருசு.'

எல்லாவற்றையும் ஆன்லைனில் வைத்துவிடலாம் என்றான். நம் கேட்டை எதற்கு அமெரிக்காக்காரனிடம் கொடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டேன்.

கீழ் வீட்டு தனபாக்கியம் சிஸ்டர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள், நான் போனை வைத்ததும் என்னையே பார்த்தபடி நின்றார்கள். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். தொழில்நுட்பம் பேசினால் சாதாரண ஜனங்களுக்குப் பிரமிப்பாகத்தான் இருக்கும்.

ஜனவரி 29, புதன்

அடுக்ககத்தில் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. லிஃப்டில் நான் ஏறினால் மற்றவர்கள் 'நீங்க போங்க சார், நாங்க அப்புறம் வர்றோம்' என்று ஒதுங்கி நிற்கிறார்கள். சிஸ்டர் அவித்த முட்டையும் கடலை உருண்டையும் கொடுத்தனுப்பினார்கள். நல்ல சத்து, தினமும் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அதோடு, எனக்கென்று தனித் தட்டும் தனி டம்ளரும் வைத்துக்கொள்ளும்படி செண்பகத்திடம் சொன்னார்களாம். பெரிய அதிகாரிகளை எப்படி நடத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. செண்பகம்தான் 'இந்த சிஸ்டருக்கு என்ன ஆச்சு' என்கிறாள்.

பிப்ரவரி 8, சனி

இரண்டாவது கொட்டேஷன் வந்தது. மூன்றாமவர் எழுதிக் கொடுக்க மறுக்கிறார். 'வாங்கறதுன்னா வாங்குங்க சார்' என்கிறார். இரண்டை வைத்துக்கொண்டு ஒப்பிட முடியாது. விதி என்று ஒன்று இருக்கிறது.

மேசையில் இன்று டம்ளர் ஒன்றுதான் இருந்தது. அந்த அம்மாவும் மகளும் இப்போது வருவதில்லையாம். போனில் கேட்டால் 'மொத்தமா முடிங்கம்மா, வந்து வாங்கிக்கிறோம்' என்கிறார்களாம். செண்பகத்துக்கு வருத்தம். முழங்கால் வலியோடு பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போவது அவளால் முடியாது. பென்டிரைவ் அவர்களிடமே தங்கிவிட்டதாம், வேறு ஒன்று வாங்கிக் குப்பையை அதில் எடுத்து வைக்கச் சொன்னாள். எட்டு டி.பி. வரப்போகிற வீட்டில் பென்டிரைவ் எதற்கு? எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றுவதுதான் நிர்வாகம் என்றேன்.

'அதுல ஒரு பொண்ணோட பரீட்சை இருக்குங்க' என்றாள். பரீட்சை புத்தகத்தில் அல்லவா இருக்கும். விவரம் கேட்பதற்குள் இரண்டாம் கடைக்காரர் போன் செய்துவிட்டார்.

பிப்ரவரி 20, வியாழன்

கரகரப்பு அதிகம். இப்போது நடுவில் டிக் டிக் என்றும் கேட்கிறது. செண்பகம் மறுபடி பென்டிரைவ் கேட்டாள். ஒப்பீட்டுப் பட்டியலைக் காட்டினேன். பதினோரு பத்திகள், வண்ணம் கொடுத்திருக்கிறேன். 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 3, திங்கள்

போய்விட்டது.

மார்ச் 4, செவ்வாய்

நேற்று எழுத மனமில்லை. கம்ப்யூட்டர் ஒரு முறை முனகியது, அப்புறம் டிஸ்க் இருப்பதையே அது ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டின் இரண்டு வருஷ நடமாட்டம் அதில் இருக்கிறது.

செண்பகம் நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவேயில்லை. முழங்கால் வலி என்று நினைக்கிறேன். சமையலும் இல்லை, ஓட்டலில் வாங்கினோம்.

சென்னையில் கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. இன்றே குரியரில் அனுப்பினேன். பெட்டியை ஒட்டும்போது செண்பகம் பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொன்னாள். அந்த நேரம் பார்த்துக் குரியர்காரர் மணி அடித்துவிட்டார். பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

மார்ச் 7, வெள்ளி

எட்டு டி.பி. வாங்கிவிட்டேன். மூன்றாவது கொட்டேஷன் இல்லாமலே. என் வாழ்க்கையில் முதல் விதிமீறல். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு வந்தேன், ரகம் எது என்றுகூடக் கேட்கவில்லை. கேமராவின் புதிய பதிவுகளை நேராக அதிலேயே விட்டிருக்கிறேன். மற்றபடி மீட்ட கோப்புகள் வந்து சேரும் வரை யாரும் தொடக் கூடாது என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

செண்பகம் அறைக்குப் போவதில்லை. கோமதியோடு சண்டையோ என்னவோ.

மார்ச் 15, சனி

சென்னையிலிருந்து போன். பேசியவர் விவரமானவர். 'சார், உள்ளே டிஸ்க்கைப் படிக்கிற தலை தேஞ்சுபோச்சு. ஒரு தடவைதான் ஓடும், அதுவும் முழுசா ஓடுமான்னு தெரியாது. எதை முதல்ல எடுக்கட்டும்?' என்றார்.

கேட் பதிவுகளை என்றேன். ஆண்டு வாரியாக.

'குப்பைன்னு ஒண்ணு இருக்கு. சின்னதுதான்.'

செண்பகத்தைக் கேட்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அவள் முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்குப் போயிருந்தாள். நிர்வாகத்தில் தாமதம்தான் முதல் எதிரி. 'பேர்லயே இருக்கே, விட்டுடுங்க' என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். சட்டென்று முடிவெடுக்கும் திறமை ஓய்வுக்குப் பிறகும் என்னிடம் குறையவில்லை.

ஏப்ரல் 9, புதன்

வந்துவிட்டது. கேட்டின் இரண்டு வருஷமும் முழுசாக, ஒரு நாள் விடாமல். புதிய டிஸ்க்கில் ஏற்றினேன். பாதிகூட நிரம்பவில்லை. செண்பகத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு 'குப்பை எங்கே' என்றாள். நான் சென்னைக்காரரிடம் சொன்னதைச் சொன்னேன். சொல்லும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை, சிரித்ததைக்கூடச் சொல்லிவிட்டேன்.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். சனிக்கிழமை வந்தது சங்கவி என்ற பெண். உறையூர். இரண்டு கண்ணும் தெரியாது. மே மாதக் கடைசியில் ஆசிரியர் தேர்வு, வரலாற்றுப் பாடம். எப்போதாவது ஒருமுறைதான் அந்தத் தேர்வு வருமாம், அதற்காகப் பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டிருக்கிறாள். அவள் படிக்க வேண்டிய புத்தகங்களை யாராவது வாசித்துப் பதிவு செய்து கொடுத்தால்தான் கேட்டுப் படிக்க முடியும். செண்பகம் வாசித்தாள். தினமும் இரண்டு மணி நேரம். கோமதியோடு அவள் மாதத்துக்கு ஒரு முறை பேசினால் அதிகம். ஜான்சி ஒரு ஊர். அங்கே சண்டைக்கு நின்றது ராணி. பொறியியல் வரை படித்த எனக்கு அது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

போனில் பதிவு செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியதும் போனில் அழித்துவிடுவாளாம், அதனால் அவர்கள் வருவது நின்ற பிறகு வாசித்தது எல்லாம் அந்த ஃபோல்டரில் மட்டும்தான். ஏன் அப்படிப் பெயர் வைத்தாய் என்று கேட்டேன்.

'முதல்நாள் உங்ககிட்ட வந்து சொன்னேன். பொண்ணு ஒருத்திக்கு வாசிச்சுக் கொடுக்கப் போறேன்னு. நீங்க ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டே, கண்ட குப்பையையும் இதுல ஏத்தாதேன்னீங்க. அதான் வச்சேன்.'

பிறகு சொன்னாள்: 'பேரைப் பார்த்தீங்க. ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம்.'

சென்னைக்குப் போன் செய்தேன். டிஸ்க் முடிந்துவிட்டதாம். இனிமேல் கடவுளாலும் முடியாது என்றார் அந்த விவரமானவர். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

சங்கவி ஏன் வருவதை நிறுத்தினாள் என்று செண்பகத்துக்கும் தெரியவில்லை. என்னிடம்தான் கேட் இருக்கிறதே, ஜனவரிக் கடைசியைத் திறந்தேன். வைத்த நாளிலிருந்து இன்றுதான் முதல் முறையாகப் பதிவை உட்கார்ந்து பார்க்கிறேன்.

சனிக்கிழமை காலை. ஒரு அம்மா, பக்கத்தில் வெள்ளைக் கோலோடு ஒரு பெண். கீழ் வீட்டிலிருந்து சிஸ்டர் வெளியே வருகிறார்கள். ஏதோ பேசுகிறார்கள். கையால் மாடியைக் காட்டுகிறார்கள், சேலைத் தலைப்பை எடுத்து மூக்கின் மேல் வைத்துக் காட்டுகிறார்கள். அந்த அம்மா பெண்ணின் கையைப் பிடித்து இழுக்கிறாள். பெண் வரவில்லை. கொஞ்ச நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கிறாள். பிறகு போகிறார்கள். கேமராவில் சத்தம் இல்லை.

செம்பருத்தி பறிப்பது தலைவர்தான் என்பதும் அதே நாளில் பதிவாகியிருக்கிறது. எனக்கு அதில் இப்போது ஒரு அக்கறையும் இல்லை.

கீழே போனேன். சிஸ்டர் கதவை முழுதும் திறக்காமல் நின்று, மாத்திரையை நடுவில் விட்டுவிடவில்லையே என்று கேட்டார்கள். என்ன மாத்திரை என்றேன்.

'நீங்களே சொன்னீங்களே சார், போன்ல. டி.பி., ரெண்டும் நிறைஞ்சுபோச்சுன்னு. ரெண்டு பக்க நுரையீரலும்னு நினைச்சேன். வீட்ல சொல்லலன்னீங்க, அதான் நானும் செண்பகத்துகிட்ட வாய் திறக்கல. பாவம், கண்ணு தெரியாத பொண்ணு, பரீட்சை நேரத்துல தொத்திக்கக் கூடாதேன்னு அவங்களை எச்சரிச்சேன், லிஃப்ட்ல வர்றவங்களையும்.'

அவர்கள் மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. எவ்வளவோ தேடினேன். தட்டு, டம்ளர், லிஃப்ட், முட்டை எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. டி.பி. என்றால் ஹார்ட் டிஸ்க்கின் அளவு என்று விளக்கினேன். அவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை. நான் இருமாமல் படியேறினேன்.

ஏப்ரல் 12, சனி

செண்பகத்தை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு உறையூர் போனேன். கையில் இரண்டு பென்டிரைவ். டிஸ்க்கில் ஒட்டிய சீட்டை நான் கிழித்த பிறகு நேற்று பகலெல்லாம் அவள் புதிதாக வாசித்தவை அதில். தொண்டை கட்டிக்கொண்டது அவளுக்கு.

சங்கவியின் அம்மா எங்களைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கை மூடிக்கொண்டு, நாற்காலியை வாசலுக்கு வெளியே போட்டார்கள். உட்கார்ந்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், குப்பையை விட்டுவிடச் சொன்னது நான்தான் என்பது உட்பட. செண்பகம் என்னைப் பார்த்தாள். அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

சங்கவி முதலில் சிரித்தாள். எட்டு டி.பி. என்றதும் இன்னும் சிரித்தாள். பிறகு எத்தனை பாடம் போயிருக்கிறது என்று செண்பகத்திடம் கேட்டாள். பதிலைக் கேட்டதும் சிரிப்பு நின்றுபோனது. போனவற்றையும் மீதியையும் தேர்வுக்குள் வாசித்து முடிக்க முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. எதெது முக்கியம் என்று விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடித்த பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

'அவ்வளவு பெருசுல என்ன சார் வச்சிருக்கீங்க?'

'எங்க கேட்டை.'

'கேட்டையா?'

'யார் வர்றா, யார் போறான்னு. நீ வெளியே நின்னதும் அதுல இருக்கும்மா.'

'எப்படி நின்னேன்?' என்றாள்.

'நிமிர்ந்துதான் நின்னே' என்றேன்.

ஏப்ரல் 21, திங்கள்

பாடங்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். நிர்வாகச் சீர்திருத்தங்கள், நில வரி, அணைகள், கால்வாய்கள் எனக்கு. போர்களும் ராணிகளும் செண்பகத்துக்கு. முதல் பதிவைக் கேட்ட சங்கவி, நான் வாசித்தால் டெண்டர் அறிவிப்பு மாதிரி இருக்கிறது, ஆனால் வருஷங்கள் நன்றாக மனதில் நிற்கின்றன என்று சொன்னாளாம். முதல் பாதியைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. செண்பகத்துக்குச் சிரிப்பு அடங்கச் சாயங்காலமாயிற்று. மார்ச்சுக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

கேட் பதிவில் பழசை அழித்தேன். ஜனவரிக் கடைசிச் சனிக்கிழமையை மட்டும் வைத்திருக்கிறேன்.

மே 4, ஞாயிறு

செண்பகத்துக்குக் குரல் சுத்தமாகப் போய்விட்டது. ஆகவே வாரிசு இல்லாத நாடுகளும் ஜான்சியும் என் தலையில். முக்கால்வாசி நன்றாகப் போனது. ராணி குதிரை ஏறும் இடத்தில் எனக்கு இருமல் வந்துவிட்டது. அப்படியே மேலே வாசிக்கப் பார்த்தேன்.

செண்பகம் கதவைத் திறந்து, இல்லாத குரலில் கிசுகிசுத்தாள்: 'இருமலோட அனுப்பிடாதீங்க. அவங்கம்மா மறுபடி துண்டை எடுத்துடுவாங்க.'

முதலிலிருந்து வாசித்தேன். இரண்டாம் முறை ராணி தடங்கலில்லாமல் குதிரை ஏறினாள். எந்தப் பெயரில் சேமிக்கட்டும் என்று கேட்டேன். புதிதாக, மரியாதையாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

'பழைய பேர்லதான்' என்றாள்.

எட்டு டி.பி.யில் அது பிடித்திருக்கும் இடம் கண்ணுக்கே தெரியவில்லை. பாடத்தைக் குப்பையில் போட்டேன். பிறகு ஒரு தடவை திறந்தும் பார்த்தேன்.